வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்த செய்தியாளர், வேலைச் சட்டத்தை மாற்றிய அமைச்சர்: எஸ். ராஜரத்னம்

உங்கள் வேலை ஒப்பந்தக் கடிதத்தை முழுசா படிச்சிருக்கீங்களா? பலரும் சம்பளத்தைப் பார்ப்போம், அப்புறம் ஆண்டு விடுப்பு எத்தனை நாள்னு பார்ப்போம், கையெழுத்துப் போட்டுடுவோம். சிங்கப்பூரில் வேலை செய்பவராக இருந்தால் அதில் சில எண்கள் உங்களுக்குப் பழக்கமானவையாக இருக்கும். ஆண்டுக்கு 11 பொது விடுமுறை. குறைந்தது 7 நாள் ஆண்டு விடுப்பு. 14 நாள் மருத்துவ விடுப்பு, அதாவது நாம் 'எம்சி' என்று சொல்வது. ஒரு குறிப்பிட்ட சம்பள வரம்புக்குள் இருப்போருக்கு வாரம் 44 மணி நேர வேலை.

இந்த எண்கள் 1968-ஆம் ஆண்டு பிறந்தவை. அவற்றை நாடாளுமன்றத்தில் சட்டமாக்கிய அமைச்சரை உங்களுக்கு நன்றாகவே தெரியும். பள்ளியில் தினமும் நெஞ்சில் கைவைத்துச் சொன்ன தேசியப் பற்றுறுதியை 1966-இல் வரைந்தவர் அவர்தான். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். ஆனால் 1968 முதல் 1971 வரை அவரே தொழிலாளர் அமைச்சராகவும் இருந்தார் என்பது பலருக்கும் தெரியாது. பாடப்புத்தகத்திலும் அது ஒரு வரியோடு முடிந்துவிடும்.

எனக்கு என்னவோ, சின்னத்தம்பி ராஜரத்னத்தின் வாழ்க்கையில் ரொம்பச் சிக்கலான மூன்று ஆண்டுகள் அவைதான் என்று தோன்றுகிறது.

வட்டுக்கோட்டை, சிரம்பான், லண்டன்

1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி, யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையில் அவர் பிறந்தார். குடும்பம் வாழ்ந்தது மலாயாவில். பிரசவத்துக்காக அம்மா ஊருக்குப் போயிருந்தார், அவ்வளவுதான். சில மாதக் குழந்தையாகத் திரும்பி வந்தவர், சிரம்பான் பக்கம் ரப்பர் தோட்டச் சூழலில் வளர்ந்தார். அப்பா தோட்ட மேற்பார்வையாளர். பிறகு சொந்தமாகவே தோட்டங்கள் வாங்கினார். ஆக, தொழிலாளர்களை வேலை வாங்கும் தரப்பின் வீட்டுப் பிள்ளை அவர்.

சிரம்பான் செயின்ட் பால்ஸ், கோலாலம்பூர் விக்டோரியா, சிங்கப்பூர் ராஃபிள்ஸ் என்று பள்ளிகள் மாறின. 1930களின் நடுவில் சட்டம் படிக்க லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போனார். படிப்பு முடியவில்லை. போர் வந்தது, வீட்டிலிருந்து வந்த பணம் நின்றது. எழுதிப் பிழைக்க ஆரம்பித்தார். அவருடைய சிறுகதைகள் பிரிட்டனில் அச்சாயின. பிபிசி-யின் கிழக்குச் சேவையில் வேலை பார்த்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், வானொலிக்கு எழுத அவரை அழைத்தார். ஹங்கேரியரான பிரோஸ்காவை அங்கேதான் மணந்தார். காலனித்துவத்துக்கு எதிரான இடதுசாரிச் சிந்தனையும் அந்த லண்டன் ஆண்டுகளில் ஊறியது. 12 ஆண்டு போல அங்கே இருந்துவிட்டு, சட்டப் பட்டம் இல்லாமல் மனைவியோடு திரும்பினார்.

தபால்காரர்களும் ஒரு தலையங்கமும்

சிங்கப்பூரில் அவர் செய்தியாளர் ஆனார். 'மலாயன் டிரிபியூன்', அடுத்து 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்', கடைசியாக 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்'. நேயர்களே, இடையில் 1957-இல் ரேடியோ மலாயாவுக்கு ஒரு வானொலித் தொடர் நாடகமும் எழுதினார். அந்த வகையில் அவர் எங்கள் துறைக்காரர்!

இந்தக் கதைக்கு முக்கியமானது 1952-ஆம் ஆண்டு மே மாதம். சுமார் 500 தபால்காரர்கள் கூடுதல் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய சட்ட ஆலோசகர், அப்போது 28 வயதான ஒரு வழக்கறிஞர். பெயர் லீ குவான் யூ. 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்' இதழின் இணை ஆசிரியராக இருந்த திரு ராஜரத்னத்தைக் கோ கெங் சுவீ அவருக்கு அறிமுகப்படுத்தினார். தபால்காரர்களின் நியாயத்தைப் பத்திரிகையில் வலுவாக எடுத்து எழுதும் வேலையைத் திரு ராஜரத்னம் ஏற்றுக்கொண்டார். பொதுமக்களின் ஆதரவு தபால்காரர்கள் பக்கம் சாய்ந்தது. இரண்டு வாரம் போலத்தான் நீடித்தது அந்த வேலைநிறுத்தம். அரசாங்கம் பேச்சுக்கு இறங்கிவந்தது.

இதைக் கவனத்தில் வெச்சுக்கோங்க. அந்த வெற்றியைப் பார்த்துத்தான் மற்ற தொழிற்சங்கங்களும் லீயைத் தேடி வந்தன. 1954-இல் மக்கள் செயல் கட்சி தொடங்கியபோது அதன் காலடியில் இருந்த பலம் தொழிற்சங்கங்கள்தான். திரு ராஜரத்னம் அந்தக் கட்சியின் நிறுவனர்களில் ஒருவர்.

1955-ஆம் ஆண்டு நிலைமை முற்றியது. அந்த ஆண்டில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் நடந்தன. மே மாதம் ஹாக் லீ பேருந்து நிறுவனப் பிரச்சினை கலவரமாகி 4 பேர் உயிரிழந்தார்கள். சம்பளமும் வேலை நேரமும் மட்டும் அந்தப் போராட்டங்களின் காரணம் இல்லை. காலனித்துவ ஆட்சியை அசைக்கும் அரசியலும் அதில் கலந்திருந்தது. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று பிரிப்பது கஷ்டம்.

1959-இல் அவர் செய்தித்தாள் வேலையை விட்டுவிட்டுக் கம்போங் கிளாம் தொகுதியில் போட்டியிட்டு வென்றார். கலாசார அமைச்சரானார். 1961-இல் கட்சி இரண்டாகப் பிளந்தபோது தொழிற்சங்கங்களும் பிளந்தன. ஒரு பகுதி தேசிய தொழிற்சங்கக் காங்கிரஸ் (என்டியுசி) ஆனது. இடதுசாரிச் சங்கங்கள் மறுபக்கம் நின்றன. 1963 பிப்ரவரியில் நடந்த 'கோல்ட்ஸ்டோர்' நடவடிக்கையில் நூற்றுக்கும் அதிகமானோர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்களில் தொழிற்சங்கத் தலைவர்களும் இருந்தார்கள். இதைச் சொல்லாமல் 1968-க்குத் தாவினால் கதையில் பாதி காணாமல் போய்விடும்.

1968: ஒரே ஆண்டில் என்னென்ன நடந்தது?

ஜனவரியில் பிரிட்டன் ஓர் அறிவிப்பு செய்தது. சிங்கப்பூரில் உள்ள தன் ராணுவத் தளங்களை, முன்பு சொன்னதைவிட சீக்கிரமாக, 1971 முடிவதற்குள் காலி செய்யப்போவதாகச் சொன்னது. கேட்க ராணுவச் செய்தி மாதிரி இருக்கும். ஆனால் அந்தத் தளங்கள் நாட்டின் பொருளியலில் ஏறத்தாழ 20 விழுக்காடு! தளத்தில் பொறியாளர் முதல் சமையல்காரர் வரை, வெளியே சலவைக்கடை முதல் டாக்சி வரை, பல்லாயிரம் குடும்பங்களின் சோறு அதில் இருந்தது. மலேசியாவிலிருந்து பிரிந்து 3 ஆண்டுகூட ஆகவில்லை. 20 லட்சம் பேர் கொண்ட குட்டி நாடு. பொதுச் சந்தைக் கனவு போய்விட்டது. ஏற்கெனவே பத்துப் பேரில் ஒருவர் போல வேலை இல்லாமல் இருந்த காலம் அது.

ஏப்ரலில் பொதுத் தேர்தல். எதிர்த்தரப்பான பாரிசான் சோசியாலிஸ் புறக்கணித்தது. 58 இடங்களையும் மக்கள் செயல் கட்சி எடுத்தது. அவற்றில் 51 போட்டியே இல்லாமல் கிடைத்தவை. அதன் பிறகு அமைந்த அமைச்சரவையில் திரு ராஜரத்னம் வெளியுறவோடு தொழிலாளர் அமைச்சையும் சேர்த்துக் கவனித்தார். முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் பேங்காக்கில் ஆசியான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு வந்திருந்தார்.

வேலை வேண்டுமென்றால் தொழிற்சாலை வர வேண்டும். தொழிற்சாலை வர வேண்டுமென்றால் முதலீட்டாளர்கள் நம்ப வேண்டும். வெளிநாட்டு முதலாளிகள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, இங்கே எவ்வளவு வேலைநிறுத்தம் நடக்கும் என்பது. ஹாங்காங், தைவான், தென்கொரியா என்று போட்டிக்கு ஆள் இருந்தார்கள்.

ஜூலை மாதம் இரண்டு சட்டங்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. ஒன்று வேலை நியமனச் சட்டம். இன்னொன்று தொழிலுறவுச் சட்டத் திருத்தம். ஆகஸ்ட் 15-இல் வேலை நியமனச் சட்டம் நடப்புக்கு வந்தது.

தொழிலாளர் கையிலிருந்து எது போனது?

முதல் சட்டத்தைப் பார்ப்போம். அதுவரை உடல் உழைப்புத் தொழிலாளர், கடை உதவியாளர், அலுவலக எழுத்தர் என்று ஆளுக்கொரு சட்டம் இருந்தது. சலுகைகளும் வேறு வேறு. புதிய சட்டம் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. அது நல்ல விஷயம்தானே? ஆமாம், ஒரு பக்கம். ஆனால் கூரையின் உயரம் சிலருக்கு இறங்கியது. அதுவரை குறைந்த நேரம் வேலை செய்த அலுவலக ஊழியர்களுக்கும் வாரம் 44 மணி நேரம் பொது அளவானது. பொது விடுமுறை 15 நாளிலிருந்து 11 நாளாகக் குறைந்தது. ஆண்டு போனஸ் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வந்தது. இன்று நீங்கள் '13-ஆவது மாதச் சம்பளம்' என்று ஆண்டு முடிவில் எதிர்பார்ப்பதற்கும் அந்த வரம்புக்கும் தொடர்பு உண்டு. 3 ஆண்டுகூட வேலை செய்யாதவர் ஆட்குறைப்பு இழப்பீடு கோர முடியாது என்றும் சொல்லப்பட்டது.

தொழிலாளர் பக்கம் வந்ததும் உண்டு. கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம், வாராந்தர ஓய்வு நாள், நோய்க்கு 14 நாள் சம்பளத்தோடு விடுப்பு ஆகியவை சட்டத்தில் எழுதப்பட்ட உரிமைகளாயின. சங்கமே இல்லாத சின்னக் கடையில் வேலை செய்த ஒருவருக்கு இது பெரிய விஷயம். சங்க பலத்தால் இதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு அது இழப்பு. ஒரே சட்டம், இரண்டு பேருக்கு இரண்டு விதம். அதே ஆண்டு மத்திய சேமநிதிச் சந்தா விகிதமும் 5 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்ந்தது. முதலாளியும் தொழிலாளியும் தலா அவ்வளவு கட்ட வேண்டும். ஆக, முதலாளிகளுக்கு எல்லாமே மிச்சம் என்றும் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது சட்டம்தான் உண்மையில் கனமானது. அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆளை எடுப்பது, பதவி உயர்வு கொடுப்பது, இடமாற்றம் செய்வது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, ஆட்குறைப்பு, பணிநீக்கம், திரும்ப வேலைக்கு எடுப்பது: இவையெல்லாம் நிர்வாகத்தின் உரிமை, இவற்றைச் சங்கம் பேச்சு மேசைக்குக் கொண்டுவரக்கூடாது என்றது அந்தத் திருத்தம். கூட்டு ஒப்பந்தங்கள் குறைந்தது 3 ஆண்டு நீடிக்க வேண்டும் என்றும் ஆனது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்களுடன் வேலை செய்பவரை நிர்வாகம் காரணமே இல்லாமல் வெளியே அனுப்புகிறது. அதற்கு முன்பு சங்கம் அதையே ஒரு பிரச்சினையாக்கி, தேவைப்பட்டால் வேலைநிறுத்தம்வரை போக முடியும். 1950களில் நடந்த பல போராட்டங்களின் பொறி இப்படி ஒரு பணிநீக்கம்தான். ஹாக் லீ விவகாரமும் அப்படித்தான் தொடங்கியது. திருத்தத்துக்குப் பிறகு, நியாயமற்ற முறையில் நீக்கப்பட்டதாக நினைப்பவர் அமைச்சரிடம் முறையிடலாம். தீர்ப்பு அமைச்சர் கையில்.

தபால்காரர்களுக்காகப் பேனா பிடித்த அதே கை.

இது முரண்பாடா? அந்த மனிதரின் பக்கம் நின்று யோசித்தால் இப்படி வாதிடலாம்: 1952-இல் எதிரே இருந்தது காலனித்துவ அரசு. 1968-இல் வேலையே இல்லாதவர்களின் எண்ணிக்கை எதிரே நின்றது. வேலை இருப்பவரின் உரிமையைக் காப்பதா, வேலை இல்லாதவருக்கு வேலையைக் கொண்டுவருவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. தொழிலாளர்கள் பக்கம் நின்று யோசித்தால் கேள்வி வேறு மாதிரி: இரண்டையும் எடைபோட அவர்களுக்கு மேசையில் இடம் இருந்ததா? நாடாளுமன்றத்தில் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர்கூட இல்லை. பலம் வாய்ந்த இடதுசாரிச் சங்கங்கள் ஏற்கெனவே உடைந்துவிட்டன. 1967 பிப்ரவரியில் சுமார் 2,400 நகரச் சுத்திகரிப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அது சட்டவிரோதம் என்று சொல்லி எல்லாரையும் வேலையிலிருந்து நீங்கியவர்களாகக் கருதியது அரசாங்கம். திரும்ப விண்ணப்பிக்கச் சொன்னது. பெரும்பாலோர் விண்ணப்பித்தார்கள். அந்த வேலையில் அப்போது நம் இந்தியத் தொழிலாளர்கள் நிறைய இருந்தார்கள்.

என் பார்வையில், வேலை தேவை என்ற கணக்கு சரியான கணக்குதான். ஆனால் பணிநீக்கத்தையும் ஆட்குறைப்பையும் பேச்சிலிருந்தே எடுத்தது அந்தக் கணக்குக்குத் தேவைப்பட்டதைவிட அதிகம். விடுமுறை குறைந்தால் ஒருவர் நான்கு நாள் கூடுதலாக உழைப்பார். காரணம் கேட்கும் உரிமை குறைந்தால் அவர் வாயைத் திறக்கவே யோசிப்பார்.

சட்டம் வேலை செய்ததா?

முதலீடு வந்தது. நேஷனல் செமிகண்டக்டர், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் 1968-69-இல் இங்கே கடை விரித்தன. சில ஆண்டுகளிலேயே வேலையில்லாப் பிரச்சினை போய், ஆள் பற்றாக்குறை என்ற பேச்சு வந்தது. 1969-இல் ஒரு வேலைநிறுத்தம்கூட நடக்கவில்லை.

ஆனால் இங்கே எண்களைக் கவனமாகப் பார்க்கணும். 1961-இல் 116 வேலைநிறுத்தங்கள். 1967-இல் 10. 1968-இல் 4. அப்புறம் பூஜ்யம். அதாவது பெரிய சரிவு இந்தச் சட்டங்கள் வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. 1960-இல் அமைந்த தொழில் நடுவர் நீதிமன்றம், என்டியுசி-யின் வளர்ச்சி, கைது நடவடிக்கைகள் எல்லாம் அதற்குக் காரணம். 1968 சட்டங்கள் கடைசி 10-ஐ பூஜ்யமாக்கின. முதலீட்டாளர்களுக்கு அவை காட்டியது என்ன? இந்த அமைதி தற்காலிகமானது இல்லை, எழுத்தில் இருக்கிறது என்பதை.

சங்கங்களுக்கு என்ன ஆச்சு? உறுப்பினர்கள் குறைய ஆரம்பித்தார்கள். பணிநீக்கத்தைப் பற்றிப் பேச முடியாத சங்கத்துக்கு எதற்குச் சந்தா கட்டணும் என்று தோன்றாதா? இந்த நெருக்கடியில்தான் தேவன் நாயர் 1969 நவம்பரில் நான்கு நாள் கருத்தரங்கைக் கூட்டினார். தொழிற்சங்கங்கள் புதுப் பாதை எடுக்க வேண்டும் என்பது அதன் தலைப்பு. அதன் விளைவாகக் கூட்டுறவு அமைப்புகள் பிறந்தன. 1970-இல் இன்கம் காப்புறுதி, கம்ஃபர்ட் டாக்சி. 1973-இல் தோ பாயோவில் ஒரு பேரங்காடி. அதன் வழித்தோன்றல்தான் இன்று நீங்கள் அரிசி, பால் வாங்கும் ஃபேர்பிரைஸ். 1972-இல் அரசாங்கம், முதலாளிகள், சங்கங்கள் மூவரும் உட்காரும் தேசிய சம்பள மன்றம் அமைந்தது. சம்பள உயர்வு எவ்வளவு என்ற கேள்வி தெருவிலிருந்து அந்த மேசைக்கு இடம் மாறியது. அதற்கு முந்தைய ஆண்டே திரு ராஜரத்னம் தொழிலாளர் அமைச்சிலிருந்து விலகியிருந்தார்.

அதற்குப் பிறகு

வெளியுறவு அமைச்சராக 1980 வரை, பிறகு இரண்டாம் துணைப் பிரதமர், கடைசியில் மூத்த அமைச்சர். 1988-இல் அரசியலை விட்டார். அடுத்த ஆண்டு பிரோஸ்கா காலமானார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிந்தைய ஆண்டுகளில் அவர் மேடைகளில் திரும்பத் திரும்ப எச்சரித்தது சுவாரஸ்யமானது. சிங்கப்பூரர்கள் பணத்தையே கடவுளாகக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்று கவலைப்பட்டார். அதற்கென ஆங்கிலத்தில் ஒரு புதுச் சொல்லையே வைத்திருந்தார். முதலீட்டுக்குக் கதவைத் திறந்துவிட்ட அமைச்சரவையில் இருந்தவர் அப்படிக் கவலைப்பட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

கடைசி ஆண்டுகளில் முதுமை மறதி நோய் அவரைப் பிடித்தது. 2006 பிப்ரவரி 22-ஆம் தேதி, 91-ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, வீட்டில் உயிர் பிரிந்தது. அரசு மரியாதையுடன் விடை கொடுத்தது நாடு.

அவருடைய சட்டம் பலமுறை திருத்தப்பட்டுவிட்டது. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கான 3 ஆண்டு 2015-இல் 2 ஆண்டாகக் குறைந்தது. ஆனால் எவ்வளவு தொகை என்று சட்டம் இன்றும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு. 2019 ஏப்ரலிலிருந்து நிர்வாகிகளுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. பொது விடுமுறை 11 அப்படியே இருக்கிறது. (மலேசிய நேயர்களுக்கு: உங்கள் பக்கம் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 2023 ஜனவரியில் மாறி, வார வேலை நேரம் 48-இலிருந்து 45 ஆனது. அங்கேயும் முதலாளிகளின் செலவு பற்றிய அதே வாக்குவாதம்தான்.)

இன்னொரு மாற்றமும் 2019-இல் வந்தது. நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாக நினைப்பவரின் முறையீடு, 1968-இலிருந்து அமைச்சர் முடிவெடுக்கும் விஷயமாகவே இருந்தது. இப்போது அது முதலில் சமரசப் பேச்சுக்கும், அங்கே தீராவிட்டால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போகிறது. கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இல்லப் பணிப்பெண்களோ, 1968-இல் இருந்த மாதிரியே, இந்தச் சட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொருந்துவது வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேறொரு சட்டம்.